நடுக்கடல் பந்தி

ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தின் பின்வாசலில், பஸ் டிரைவர் சீருடையோடு தம்பி மனைவி வந்து நின்றபோது, யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதான் தராசு நினைத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"என்ன, தம்பிக்கு ஏதாவது..."

"அவர் நல்லாத்தான் இருக்கார் அண்ணி. நீங்க எனக்குச் சாப்பாடு போடணும்."

"ஏன், உங்க வீட்டு அடுப்பு எரியலையா?"

"வீட்டுல இல்ல. கடல்ல."

தராசு கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

எதையும் எடை போடாமல் பாத்திரத்தில் போடமாட்டாள் என்பதால் வந்த பெயர் தராசு. மெல்ல முடியாதவர்களுக்கான உணவுப் பிரிவு அவள் பொறுப்பு. தாடை உடைந்து கம்பி கட்டியவர்கள், தொண்டையில் அறுவை முடிந்தவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள் என்று தினம் நாற்பது பேருக்கு உயிர் நிற்பது அவள் அனுப்பும் குவளைகளில்தான். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒரு நோயாளி குவளையைத் திருப்பி அனுப்பினால், டாக்டர் வருவதற்கு முன்னால் தராசு அந்தக் கட்டிலருகே நிற்பாள்.

தம்பி மனைவியை டெப்போவில் சுறா என்று கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், மற்ற நேரமெல்லாம் தண்ணீரில் கிடப்பவள். போன வருஷம் தீவிலிருந்து எதிர்க்கரைக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் நீந்தக் கிளம்பி, எட்டாவது மணி நேரத்தில் வாந்தி மேல் வாந்தி எடுத்து, படகில் தூக்கிப் போடப்பட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த இரண்டு பெண்களுக்கும் பெரிய சண்டை எதுவும் இருந்ததில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன் முதன்முதலாகப் பார்த்த அன்று, "தோளா இது, பீரோவா?" என்று தராசு தன் அம்மாவின் காதில் சொன்னது எப்படியோ உரியவள் காதுக்கே போய்விட்டது. அன்றிலிருந்து "வாங்க அண்ணி, போயிட்டு வாங்க அண்ணி" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. நாத்தனாருக்கும் அண்ணன் தம்பி மனைவிக்கும் அவ்வளவு ஒட்டுதல் இருந்தாலே போதும் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டார்கள்.

"கோச் இருக்காரே, அவர் பார்த்துக்க மாட்டாரா?" என்று கேட்டாள் தராசு.

"அவர் கணக்கு சொல்றார். ஒரு மணிக்கு இவ்வளவு மாவுச்சத்து, இவ்வளவு தண்ணின்னு. கணக்கு சரியாத்தான் இருக்கு. என் வயித்துக்குத்தான் கணக்கு வரல." சுறா தயங்கினாள். "உங்கப்பா தாடை ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்போ, வாயே திறக்க முடியாம அவருக்கு நாலு கிலோ ஏத்தினீங்க. அதைப் பார்த்தவ நான். வேற யாரையும் எனக்குத் தோணல."

தராசு ஈரக் கையைத் துடைத்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "நேத்து என்ன சாப்பிட்டே? வாய்க்குள்ள போனது எல்லாம் சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

சுறா சொன்னாள். காலை நாலரைக்கு டீ, இரண்டு பிஸ்கட். அப்புறம் மதியம் இரண்டரைக்கு ஒரு சாப்பாடு. சாயங்காலம் இரண்டு மணி நேரம் நீச்சல். ராத்திரி பசியில் கண்டதையும் தின்றுவிட்டுத் தூக்கம்.

"நடுவுல பத்து மணி நேரம்?"

"பஸ் ஓட்டினேன்."

"தண்ணி?"

"குடிக்க மாட்டேன். குடிச்சா எங்க போறது?"

மறுநாள் தராசு விடுப்புப் போட்டுவிட்டு அந்தப் பேருந்தில் ஏறி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஐந்து நடை போய்வந்தாள். ஒவ்வொரு முனையிலும் வண்டி ஏழு நிமிஷம் நிற்கிறது. ஒரு முனையில் டெப்போ இருக்கிறது. இன்னொரு முனையில் ஒரு தகரக் கூரை, ஒரு விளக்குக் கம்பம், எதிரே ஒரு தையல்கடை. இரண்டிலுமே பெண்களுக்குக் கழிப்பறை என்று எதுவும் கிடையாது. பெண் டிரைவர்கள் வேலை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓட்டுகிறார்கள் என்பது மூன்றாவது நடையில் அவளுக்குப் புரிந்தது.

நான்காவது நடையில் இறங்கித் தையல்கடைக்குள் போனாள். ஏழு நிமிஷம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்து, சுறாவின் மடியில் ஒரு சாவியைப் போட்டாள்.

"என்ன இது?"

"பின்கட்டு பாத்ரூம் சாவி. தையல்காரம்மா பொண்ணுக்குத் தாடை உடைஞ்சு ஆறு வாரம் என் வார்டுல இருந்தா. அவங்களுக்கு என்னைத் தெரியும். இனிமே நீ தண்ணி குடிக்கிற."

அப்படியாக அந்த வருஷத்துப் பயிற்சி உணவுத் திட்டத்தில் முதல் அயிட்டம் ஒரு கழிப்பறைச் சாவியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் டப்பா வந்தது. ஆறு அறை உள்ள டப்பா, முனையில் வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அறை. அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரொட்டிக்குள் கடலை வெண்ணெய், உப்புப் போட்ட வேர்க்கடலை, ஒரு குட்டிப் பாட்டிலில் மோர். எல்லாமே ஏழு நிமிஷத்துக்குள் மென்று முடிக்கிற அளவு.

மூன்று வாரம் கழித்துச் சுறா போன் பண்ணினாள். "அண்ணி, சாயங்காலம் குளத்துல இறங்கினா கை கனக்கவே மாட்டேங்குது. எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"வயசு இல்ல. பட்டினி," என்று சொல்லிவிட்டு வைத்தாள் தராசு.

கடலில் என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. போன வருஷம் படகிலிருந்து பாட்டில் கொடுத்தவன் தம்பி. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக். கை வேலை சுத்தம், மனசு ரொம்ப இளகியது. சினிமாவில் நாய் செத்தால்கூட அழுகிறவன்.

தராசு அவனைத் தன் சமையல்கூடத்துக்கு வரவழைத்து, மாவுச்சத்துப் பொடி டப்பாவையும் பாட்டிலையும் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு எப்படிக் கலந்தியோ அப்படியே கலந்து காட்டு."

அவன் கரண்டியை எடுத்துக் கோபுரமாக அள்ளிப் போட்டான். கொஞ்சம் யோசித்து, இன்னும் பாதிக் கரண்டி போட்டான். தராசு பாட்டிலைத் தராசில் வைத்தாள்.

"எவ்வளவு போடச் சொன்னார் கோச்?"

"இருபத்தஞ்சு கிராம்."

"ஐம்பத்திரெண்டு இருக்கு."

தம்பி எடை காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். "அவ தளர்ந்து போறா மாதிரி இருந்துச்சுக்கா. கொஞ்சம் கூடப் போட்டா தெம்பு வரும்னு..."

"தளரத் தளரக் கூடப் போட்டியா?"

அவன் தலையாட்டினான். அவன் கண் நிரம்புவதைப் பார்த்தும் தராசு நிறுத்தவில்லை. சொல்லாமல் விட்டால் அடுத்த தடவையும் இதுவே நடக்கும். "பாகு மாதிரி இருந்தா குடல் அதை எடுத்துக்காது. உடம்புல இருக்கற தண்ணியையும் உள்ள இழுத்துக்கிட்டு வயித்துலயே கிடக்கும். அது மேல கடல் உப்புத் தண்ணி வேற. வெளியதான் வரும். அவ நீந்த முடியாம நிக்கலடா. நீ பாசத்துல கட்டிப்போட்டுட்டே."

அன்றைக்கு அவன் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். ராத்திரி வீட்டில் மனைவியிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் ரொம்ப நேரம் சிரித்தாளாம். பிறகு, "இந்த வருஷம் நீங்க படகுல வேண்டாம். எதிர்க்கரையில நில்லுங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அழுகை வருது. கரையில நின்னீங்கன்னா உங்களைப் பார்க்கறதுக்காகவாவது வந்து சேருவேன்" என்றாளாம்.

"அப்ப பாட்டில் யார் கொடுக்கறது?"

"உங்கக்கா."

தராசுக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறியதும் இல்லை. "சரி" என்று ஒரு வார்த்தையில் சொன்னாள்.

ஐந்து மாதம் பயிற்சி நடந்தது. கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கோச் இருந்தார். வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தவள் தராசு. குளத்தில் அரை மணிக்கு ஒரு தரம் கால் லிட்டர், இளஞ்சூட்டில், தராசில் நிறுத்த இருபத்தைந்து கிராம். முதல் வாரம் சுறா பாதியைத் துப்பினாள். இரண்டாவது வாரம் ஏப்பம் விட்டுக்கொண்டே நீந்தினாள். ஒன்றரை மாதத்தில், ஓடுகிற பேருந்தில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் மாதிரி, கால் உதைப்பதை நிறுத்தாமலே குடித்து முடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒவ்வொரு நாளும் குளத்தில் இறங்குமுன் ஒரு தரம், ஏறிய பின் ஒரு தரம் எடை. தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கு எங்கே வியர்க்கப் போகிறது என்று கோச் சிரித்தார். முதல் நாளே ஒரு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ஆனால் சுறா மூன்று கிலோ ஏறியபோது ஓடி வந்தார்.

"மேடம், எடை கூடினா வேகம் குறையும்."

"தண்ணி எவ்வளவு குளிரா இருக்கும் அன்னிக்கு?"

"பதினேழு டிகிரி."

"நீங்க பதினேழு டிகிரியில பனியன் ஜட்டியோட பன்னெண்டு மணி நேரம் நிப்பீங்களா? அவளுக்கு ஸ்வெட்டர் போட அனுமதி இல்லல்ல? அதான் உள்ளயே போட்டு அனுப்பறேன்."

கோச் குறிப்பேட்டில் எதையோ அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். அவர் கெட்டிக்காரர். அடுத்தவர் சொல்வது சரி என்று தெரிந்தால் ஏற்றுக்கொள்ள அவருக்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

நீந்தும் நாள் வந்தது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு, கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது, சுறா தீவின் பாறைகளிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். தோல் உராயாமலிருக்கக் கொழுப்பு பூசிய கழுத்தும் தோளும் மினுங்கின. படகில் நாலு பேர். படகுக்காரர், கோச், நீச்சல் சங்கம் அனுப்பிய கண்காணிப்பாளர் அம்மா, தராசு. கண்காணிப்பாளர் அம்மா கிளம்புமுன் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அவங்க படகைத் தொடக்கூடாது. உங்க யாரையும் தொடக்கூடாது. விரல் பட்டாலும் முடிஞ்சுது. சாப்பாடு கழியிலதான் போகணும்."

கழி என்பது மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு மூங்கில். அதன் நுனியில் குவளை உட்காரும்படி ஒரு வலைக்கூடை. தராசு அதை வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, கீழே தெருவில் நின்ற தம்பிக்குக் குவளை குவளையாக இறக்கிப் பழகியிருந்தாள்.

மொட்டைமாடி ஆடாது. படகு ஆடியது. கிளம்பிய முப்பதாவது நிமிஷத்தில் தராசு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிளாஸ்கைத் திறந்து, ஊற்றி, வெப்பமானியை விட்டுப் பார்த்து, கழியை நீட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சுறா குடித்துவிட்டுக் குவளையைக் கூடையில் எறிந்தாள். பதினெட்டு விநாடி. தராசு கழியை இழுத்து வைத்துவிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள்.

"அம்மா, தூரத்துல இருக்கற மலையைப் பாருங்க. குமட்டாது," என்றார் படகுக்காரர்.

"மலையைப் பார்த்தா அவளை யார் பார்க்கறது?"

ஆறு மணி நேரம் அப்படியே போயிற்று. நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு தடவை கை வீச்சு. கோச் எண்ணிச் சொல்லச் சொல்லக் கண்காணிப்பாளர் அம்மா எழுதிக்கொண்டார். வெயில் ஏறியது. கடல் பச்சையிலிருந்து நீலமாகியது. நாலாவது மணியில் தராசின் குமட்டல் தானாகவே அடங்கிவிட்டது. வெளியே வர இனி எதுவும் பாக்கியில்லை.

ஏழாவது மணி நேரத்தில் நீரோட்டம் திரும்பியது. படகு முன்னால் போவதாகவும் கரை பின்னால் போவதாகவும் தோன்றியது. வீச்சு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. பிறகு ஐம்பத்து நாலு. பன்னிரண்டேகால் மணிக் குவளையைச் சுறா வாயில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டி, அப்படியே கடலில் கவிழ்த்தாள்.

"வேண்டாம்."

"ஒரு வாய்," என்று கத்தினார் கோச்.

"வேண்டாம்!"

அவள் நீந்தவும் இல்லை. மிதந்தபடி படகைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை, ஆனால் வாய் கோணியது. அழுகிறாள் என்று தெரிந்தது. அலை ஒன்று அவளைத் தூக்கிப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. அவள் ஒரு கையை நீட்டினாள். எதற்கு நீட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிள்ளை விழப்போனால் நீளுகிற கை மாதிரித் தராசின் கையும் நீண்டது.

"தொடாதீங்க!"

கண்காணிப்பாளர் அம்மாவின் குரலில் தராசின் கை நின்றது. இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. தராசு கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை.

"தள்ளிப் போ," என்றாள். "படகுக்கிட்ட வராதே. மூணு ஆள் தூரம் போ. போயிட்டு எனக்குப் பதில் சொல்லு."

சுறா மெதுவாகக் காலை உதைத்துத் தள்ளிப் போனாள்.

கோச் பையைக் குடைந்துகொண்டிருந்தார். "இரட்டிப்பா ஒண்ணு கொடுத்துடலாம் மேடம். தெம்பு சுத்தமா இறங்கிடுச்சு. இல்லன்னா இன்னும் பத்து நிமிஷத்துல தூக்க வேண்டியிருக்கும்."

"போன வருஷமும் இப்படித்தான் தம்பி இரட்டிப்பா கொடுத்தான்," என்றாள் தராசு. பிறகு தண்ணீரைப் பார்த்து, கட்டிலருகே நின்று கேட்பது போல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "வேண்டாம்னு சொல்றது வயிறா? நாக்கா?"

சுறா ஒரு அலையில் ஏறி இறங்கினாள்.

"வயிறு உப்பியிருக்கா? புரட்டுதா?"

சுறா யோசித்தாள். யோசிக்கக்கூட நேரம் எடுத்தது. "இல்ல."

"அப்ப?"

"நாக்கு... வீங்கிடுச்சு. இனிப்பு... இனிப்பை நெனச்சாலே..." அவளால் முடிக்க முடியவில்லை.

தராசுக்கு அதுவே போதுமாயிருந்தது. தாடையில் கம்பி கட்டியவர்கள் ஐந்தாம் நாள் வாக்கில் இதே முகத்தோடு குவளையைத் திருப்பி அனுப்புவார்கள். பசி இருக்கும், வயிறு காலியாக இருக்கும், ஆனால் இனிப்பு என்றால் உடம்பே சிலிர்க்கும். அவர்களுக்காக அவள் வைத்திருக்கிற வழி நீலமூடி பிளாஸ்கில் இருந்தது. மூன்று தடவை வடிகட்டிய உருளைக்கிழங்கு சூப். நல்ல உப்பு. அதற்குள் இனிப்பே தெரியாத மாவுச்சத்துப் பொடி, அதே கணக்கில் கரைந்து கிடந்தது.

முதலில் வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் புதினா நீரைக் கழியில் அனுப்பினாள். "முழுங்காதே. கொப்பளிச்சுத் துப்பு." கடல் உப்பு போக, நாக்கு கொஞ்சம் உயிர் பெற்றது. பிறகு சூப்பை ஊற்றினாள். பாதிக் குவளைதான்.

"பாதிதானா?" என்றார் கோச்.

"இனிமே கால் மணிக்கு ஒரு தரம் பாதி."

"மணிக்கு நாலு தடவை நிறுத்தினா நீரோட்டம் பின்னாடி தள்ளிடும் மேடம். ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது மீட்டர் போகும்."

"வாந்தி எடுத்தா மொத்தக் கடலும் போகும் கோச்."

கோச் படகுக்காரரைப் பார்த்தார். படகுக்காரர் சுக்கானைப் பிடித்தபடி, "இந்த நீரோட்டம் மூணு மணிக்குத் தணிஞ்சிடும். அதுவரைக்கும் நின்ன இடத்துல நின்னாலே அது முன்னேத்தம்தான்" என்றார்.

கோச்சுக்கு வழக்கமான அரை நிமிஷம் தேவைப்பட்டது. "சரி. கொடுங்க."

கழி நீண்டது. சுறா குவளையை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். நிறுத்தி, இன்னொரு வாய். பிறகு முழுவதையும் குடித்துவிட்டுக் குவளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும்?" என்றாள்.

"கால் மணி கழிச்சு. நீந்து."

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அடுத்த கால் மணியில் வீச்சு ஐம்பத்து நாலிலேயே இருந்தது. அதற்கடுத்த கால் மணியில் ஐம்பத்தைந்து. தராசு எண்ணிக்கையைக் கேட்கவில்லை. சுறாவின் முழங்கையைப் பார்த்தாள். குவளையைப் பிடித்திருக்கிற நோயாளியின் கை எப்போது உறுதியாகிறது என்று பார்த்துப் பழகிய கண் அது. முழங்கை தண்ணீருக்கு மேலே உயர்ந்து வருவதை அவள் முதலில் கண்டாள்.

"ஏறுது," என்றாள்.

"ஐம்பத்தெட்டு!" என்று கோச் எண்ணி முடித்துவிட்டுத் துள்ளியதில் படகு சாய்ந்தது. "அறுபது ஆனாலும் உட்காருங்க சார்," என்றார் படகுக்காரர்.

மூன்று மணி வாக்கில் அவர் சொன்ன மாதிரியே நீரோட்டம் தணிந்தது. கரையில் வீடுகளின் ஜன்னல்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. சூப் தீர்ந்துபோனது. பிறகு சூடான ஓட்ஸ் கரைசல், அதற்கும் உப்பு. கடைசி ஒரு மணி நேரத்தில் சுறாவே, "இப்ப இனிப்பு கொடுங்க அண்ணி" என்று கேட்டாள். அப்போது தராசு முதல் தடவையாகச் சிரித்தாள். தேன் கலந்த வெந்நீர் போயிற்று. அதைக் குடித்துவிட்டுச் சுறா மல்லாந்து இரண்டு வீச்சு நீந்திக் காட்டினாள், வேண்டுமென்றே, கோச்சைக் கடுப்பேற்ற.

"சக்தியை வீணாக்காதே!"

"நிறைய இருக்கு சார்!"

ஐந்து மணி ஏழு நிமிஷத்துக்கு அவள் கால் மணலைத் தொட்டது. பதினொரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். ஆனால் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், தண்ணீர் தொடாத இடம்வரை யார் துணையுமில்லாமல் போக வேண்டும். பாதி நாள் படுத்தே கிடந்த உடம்பு நிமிர மறுத்தது. ஒரு தரம் முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள். கரையில் தம்பி துண்டை விரித்தபடி நின்றான். ஒரு எட்டு முன்னால் வைத்தான். பிறகு அந்த எட்டைப் பின்னால் எடுத்து வைத்தான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் கால் அசையவில்லை.

சுறா எழுந்தாள். நடந்தாள். ஈர மணலைத் தாண்டி, காய்ந்த மணலில் இரண்டு கால்களும் பதிந்ததும், கண்காணிப்பாளர் அம்மா ஊதிய விசில் கரை முழுக்கக் கேட்டது. அப்புறம்தான் தம்பி ஓடினான்.

ஆழமில்லாத இடத்தில் படகுக்காரர் தராசை இறக்கிவிட்டார். முழங்கால்வரை நனைந்துகொண்டு அவள் வந்தபோது, துண்டுக்குள்ளிருந்து உதடு வீங்கிய ஒரு முகம் அவளைப் பார்த்தது.

"இப்ப தொடலாமா?" என்று கேட்டது.

தராசு திரும்பிக் கண்காணிப்பாளர் அம்மாவைப் பார்த்தாள். அவர், "தாராளமா" என்றார். தராசு அந்தத் தோள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொழுப்பும் உப்பும் வழுக்கின.

"பீரோதான்," என்று சுறாவே சொன்னாள். தராசுக்கு முகம் சிவந்துவிட்டது. பதினாறு வருஷமாகச் சொல்லாத மன்னிப்பை அவள் இப்போதும் வார்த்தையில் சொல்லவில்லை. தோளைத் துடைக்க ஆரம்பித்தாள், மணிக்கட்டுவரை, விரல் விரலாக.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி கார் ஓட்டினான். பின் இருக்கையில் இரண்டு பெண்களும். சுறாவால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. அவித்த முட்டையையும் ரொட்டியையும் சூடான பாலில் பிசைந்து தராசு கரண்டியால் ஊட்டினாள். ஒரு மணி நேரத்துக்குள் புரதமும் மாவுச்சத்தும் உள்ளே போனால்தான் நாளைக்கு எழுந்து உட்கார முடியும் என்று கோச் கரையில் சொல்லும் முன்பே அவள் அதைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

பின்பார்வைக் கண்ணாடியில் தம்பி பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"ரோட்டைப் பாருடா," என்றாள் அக்கா.

சுறா ஒரு கரண்டியை மென்றாள். மெல்வதே பெரிய சுகமாக இருந்தது போலும், கண்ணை மூடி மென்றாள். பாதியில் கண்ணைத் திறந்து, "அண்ணி, அடுத்த வருஷம் போயிட்டு அப்படியே திரும்பி நீந்தி வரலாம்னு இருக்கேன். அறுபத்திரண்டு கிலோமீட்டர். ரெண்டு மடங்கு சூப் வேணும்" என்றாள்.

கார் லேசாக ஒரு பக்கம் விலகி நேரானது.

தராசு கரண்டியில் அடுத்த வாயை எடுத்து, உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் கண் சாலையின் தூரத்தில் எங்கேயோ இருந்தது. மனசுக்குள் பிளாஸ்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மடங்கு பத்தாது," என்றாள். "வாயைத் திற."